லாரியின் நெற்றியெழுத்து

மான்செஸ்டரிலிருந்து பிரஸ்டனுக்குப் போகும் ரயில் ஒரு சிறிய ஸ்டேஷனில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பலகையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் நாம் திடுக்கிட்டு எழுந்தோம். 'லேலண்டு' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்களை நம் ஊரில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே அவை எப்பொழுதும் நம்மை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் சாலையோரம் ஒதுங்கிவிடுவதே நம் வழக்கம். அந்தப் பெயர் அசையாமல் நிற்க, நாம் அதை நோக்கிப் போவது இதுதான் முதல் தடவை.

"மாமா, சீக்கிரம் இறங்குங்கள்! ரயில் நமக்காகக் காத்திராது" என்றான் நம் மருமான். மான்செஸ்டரில் உத்தியோகம் பார்ப்பவன் அவன். நம் யாத்திரையின் நோக்கத்தைக் கேட்டது முதல் அவனுக்கு வியப்பு நீங்கவேயில்லை. "இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் வடக்கே ஏரிகளைப் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் லாரிகளைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களே!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஏரியைப் பார்க்க வேண்டுமானால் செங்கற்பட்டுக்குப் போனால் போதும், அப்பனே!" என்று பதில் கூறினோம்.

உண்மைக் காரணம் வேறு. நம் இளம் பிராயத்தில், 1970-களில், மாம்பலத்தில் நாம் குடியிருந்த தெருவுக்குத் தினந்தோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு ரொட்டி வான் வரும். மூக்கு என்பதே இல்லாத தட்டை முகம். இரண்டு உருண்டை விளக்குகள். மொத்தத்தில் அந்த வண்டியே ஒரு பெரிய ரொட்டியைப் போலத்தான் இருக்கும். அதன் நெற்றியில் 'ஸ்டாண்டர்டு 20' என்று எழுதியிருக்கும். தெருப் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரு பந்தயம் உண்டு: வண்டி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே, சப்தத்தைக் கொண்டு அதன் பெயரைச் சொல்ல வேண்டும். ஃபார்கோ, பெட்போர்டு, பென்ஸ், லேலண்டு என்று கூவுவோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒரு நாள், "லேலண்டு என்றால் என்னடா அர்த்தம்?" என்று கேட்டாள். "லாரி என்று அர்த்தம், பாட்டி" என்றோம். "லாரியின் மேலேயே லாரி என்று எழுதி வைப்பானேன்? பார்த்தால் தெரியாதா?" என்றாள் பாட்டி.

அந்தக் கேள்விக்கு அப்போது எங்களுக்கு விடை தெரியவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, விடையைத் தேடிக்கொண்டு லங்காஷயருக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

*

லேலண்டு ஒரு பெரிய நகரமல்ல. பிரஸ்டன் நகருக்குத் தெற்கே, செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஓர் அமைதியான ஊர். பழைய மாதா கோவிலும், நாற்சந்தியில் ஒரு கற்சிலுவைத் தூணும், தேநீர்க் கடைகளும் இருக்கின்றன. தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. 'லேலண்டு' என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உழாமல் விட்ட நிலம், அதாவது தரிசு, என்று பொருளாம். பாட்டியின் கேள்விக்கு ரயிலடியிலேயே விடை கிடைத்துவிட்டது! வடமொழியில் 'அசோகம்' என்பது சோகம் இல்லாதது என்று பொருள்படும். ஆகவே நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் 'அசோக் லேலண்டு' என்னும் பெயரைத் தாங்கி ஓடும் லாரிகள் எல்லாம் 'துன்பமில்லாத தரிசு' என்று பறைசாற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன. எண்ணிப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த ஊரின் கதையைக் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

கிங் தெருவில் வர்த்தக மோட்டார் வண்டிகளுக்கென்றே ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. லேலண்டு கம்பெனியின் பழைய தெற்குத் தொழிற்சாலையில் ஒரு பகுதிதான் அது. 1983-ஆம் வருஷம் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் எண்ணெயும் ரப்பரும் பழைய தோலும் கலந்த ஒரு வாசனை. நிலக்கரிப் புகை கக்கிய நீராவி வண்டிகள், சாமான்களை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்த வான்கள், தீயணைக்கும் இயந்திரங்கள், பஸ்கள் எல்லாம் குளித்துப் பொட்டிட்டுக்கொண்ட பெரியவர்களைப் போல வரிசையாக நிற்கின்றன. 1982-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் பிரிட்டனுக்கு விஜயம் செய்தபோது ஏறி நின்று ஜனங்களை ஆசீர்வதித்த வாகனமும் அங்கே இருக்கிறது. கண்ணாடி மாடத்துக்குக் கீழே பார்த்தால், கல்லும் மணலும் சுமப்பதற்கென்று லேலண்டில் செய்த கனமான லாரியின் சட்டந்தான்!

எங்களுக்கு வழிகாட்ட முன்வந்தவர் ஒரு வயோதிகர். நாற்பது வருஷ காலம் இந்த ஊர்த் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சம்பளமின்றி இங்கே தொண்டு செய்கிறார். சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னதும், "எண்ணூர்!" என்றார். நம் எண்ணூரின் பெயரை ஒரு லங்காஷயர்க் கிழவனார் வாயால் கேட்டபோது உண்டான ஆனந்தத்தை எழுத்தால் விவரிக்க இயலாது. "எத்தனையோ பெட்டிகளின் மேல் அந்தப் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்" என்றார் அவர்.

*

பழைய வண்டி ஒன்றைப் பார்த்து அது இன்னதென்று கண்டுகொள்வது எப்படி என்று அவரிடம் கேட்டோம். அவர் ஒரு வானின் அருகே எங்களை நிறுத்திப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

"ஒரு வண்டியில் நான்கு பெயர்கள் இருக்கும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருப்பது தேயிலை வியாபாரியின் பெயர். அவர் வண்டிக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான். கதவோரத்தில் சிறு தகட்டில் இருப்பது கூடு கட்டியவரின் பெயர். நெற்றியில் இருப்பது சட்டத்தையும் சக்கரத்தையும் செய்தவரின் பெயர். எஞ்சின்மேல் வார்த்திருப்பது சில சமயம் வேறொருவர் பெயராகவும் இருக்கும்."

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சட்டத்தை மட்டுமே விற்றன. வாங்கியவர் அதை வண்டி கட்டும் கொட்டகைக்கு ஓட்டிச் சென்று, தம் தேவைக்கேற்பக் கூடு கட்டிக்கொள்வார். ரொட்டிக்காரருக்கு ஒரு விதம், பால்காரருக்கு ஒரு விதம். இது நமக்குப் புதிய செய்தியல்ல. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும், கரூரில் பஸ்ஸுக்கும் கூடு கட்டும் தொழில் பிரசித்தமானது என்று எடுத்துச் சொன்னோம். கிழவனார் மிகுந்த சிரத்தையுடன் கேட்டுக்கொண்டார்.

"கூட்டை நம்பாதீர்கள், முப்பது வருஷத்தில் இரண்டு தடவை மாறியிருக்கும். நெற்றியையும் முழுதும் நம்பாதீர்கள். பெயர் எழுதிய பட்டையை நான்கு திருகுகளைக் கழற்றினால் எடுத்துவிடலாம். சட்டத்தில் அடித்த எண்ணையும், உள்ளே இருக்கும் தகட்டையும் பாருங்கள். தகடும் போய்விட்டதென்றால், நெற்றியில் உள்ள துளைகளைப் பாருங்கள். பெயர் போனாலும் துளை போகாது" என்றார்.

நெற்றியை நம்பலாகாது என்பதற்கு அவர் ஓர் உதாரணம் கூறினார். ஆஸ்டின், மோரிஸ் என்னும் இரண்டு பெரிய கம்பெனிகள் 1952-இல் ஒன்றாயின. ஆனால் ஆஸ்டின் வாங்கிப் பழகியவர் மோரிஸ் வாங்கமாட்டார்; மோரிஸ் விற்ற கடைக்காரர் ஆஸ்டின் விற்கமாட்டார். ஆகவே 1960-இல் வெளிவந்த 'ஜே 4' என்ற வான் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, ஒரு கடையில் ஆஸ்டின் என்றும் மற்றொரு கடையில் மோரிஸ் என்றும் விலையாயிற்று. ஒரே பிள்ளைக்குத் தாய் வீட்டில் ஒரு பெயரும் தந்தை வீட்டில் ஒரு பெயரும் வழங்குவதில்லையா? அது போலத்தான்.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு நடந்திருக்கிறது. பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் லாரிகளைச் செய்தபோது, டாட்ஜ் என்றும் ஃபார்கோ என்றும் உடன்பிறந்த வண்டிகள் வெவ்வேறு பெயரில் ஓடின. டாட்டா கம்பெனியார் 1954-இல் ஜெர்மானியரோடு கூடி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினர். பதினைந்து வருஷ ஒப்பந்தம் 1969-இல் முடிந்ததும், ஜெர்மானியரின் மூன்று முனை நட்சத்திரம் நெற்றியிலிருந்து இறங்கி, டாட்டாவின் சொந்தப் பெயரே ஏறிற்று. ஆனாலும் நம் ஜனங்கள் அதன் பிறகும் வெகு காலம் அதைப் 'பென்ஸ் லாரி' என்றுதான் அழைத்தார்கள். பட்டையைக் கழற்றுவது எளிது. நாக்கில் ஏறிய பெயரைக் கழற்றுவது கடினம்.

*

இனி, லேலண்டின் கதைக்கு வருவோம்.

சம்னர் என்பது இந்த ஊர்க் கருமான் குடும்பம் ஒன்றின் பெயர். அவர்களில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் நீராவி எஞ்சின்களில் தேர்ந்தவர்; நீராவியால் புல் வெட்டும் இயந்திரங்களைக் கூடச் செய்து விற்றவர். ஸ்பரியர் குடும்பத்தார் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1896-இல் 'லங்காஷயர் நீராவி மோட்டார் கம்பெனி' பிறந்தது. முதலில் செய்த வண்டி ஒன்றரை டன் சுமக்கும் ஒரு நீராவி வான். சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான வண்டிதான் இந்தப் பெரும் ஸ்தாபனத்தின் தலைச்சன் பிள்ளை என்பது கவனிக்கத்தக்கது. பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகு 'நீராவி' என்னும் சொல் பொருத்தமற்றுப் போயிற்று. 1907-இல் பிரஸ்டனிலிருந்த கூல்ட்ஹார்டு கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு 'லேலண்டு மோட்டார்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். தரிசு நிலத்தின் பெயர் லாரியின் நெற்றியில் ஏறியது அப்போதுதான்.

பெயரைப் பற்றி இந்தக் கம்பெனியார் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக ஏறக்குறைய 6000 லாரிகளைச் செய்து கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும், அடிபட்டுத் தேய்ந்த அந்த லாரிகள் சந்தையில் மலிவாக வந்து குவியும் நிலைமை ஏற்பட்டது. கண்டவர்கள் வாங்கி, வர்ணம் பூசி, 'லேலண்டு' என்று விற்பார்கள்; வண்டி வழியில் நின்றால் பழி யாருக்கு? ஆகவே கம்பெனியார் ஆயிரக்கணக்கான பழைய லாரிகளைத் தாங்களே திரும்ப விலைக்கு வாங்கினார்கள். லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில், முன்பு விமானம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை ஒன்றில் வைத்து, ஒவ்வொன்றையும் பிரித்துச் செப்பனிட்டு, உத்தரவாதத்துடன் விற்றார்கள். இந்தக் காரியத்தினால் கம்பெனி பெருங்கடனில் மூழ்கி, 1920-களின் ஆரம்பத்தில் விழுந்துபோகும் தறுவாய்க்கு வந்துவிட்டது. ஆயினும் பெயர் பிழைத்தது. பெயர் பிழைத்ததால் கம்பெனியும் பிழைத்தது.

அதன் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் மிருகங்களின் பெயர்! சிங்கம், புலி, எருமை, நீர்யானை, காண்டாமிருகம், கடைசியில் எட்டுக்கால் கணவாய் கூட உண்டு. எட்டுச் சக்கர லாரிக்கு 'ஆக்டோபஸ்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்குமோ? இந்த வழக்கம் சமுத்திரம் தாண்டி நம் எண்ணூருக்கும் வந்தது. 'டஸ்கர்', 'சீட்டா' என்று கொம்பன் யானையும் சிறுத்தையும் நம் சாலைகளில் ஓடியதை நேயர்கள் அறிவார்கள்.

மிருகங்களோடு பழகியதாலோ என்னவோ, இந்தக் கம்பெனிக்குப் பசியும் பெரிதாயிற்று. 1951-இல் கிளாஸ்கோவிலிருந்த ஆல்பியனை விழுங்கிற்று, 1955-இல் ஸ்காமலை, 1961-இல் கவன்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்பை, அடுத்த வருஷம் ஏ.இ.ஸி.-யை. 1968-இல் ஆஸ்டின், மோரிஸ் கூட்டமும் வந்து சேர்ந்து 'பிரிட்டிஷ் லேலண்டு' என்னும் பிரம்மாண்டமான உருவம் தோன்றிற்று. பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக நெற்றியிலிருந்து இறங்கின. பல இடங்களில் லேலண்டின் பெயர் ஏறிற்று.

கிழவனார் ஒரு படத் தொகுதியைக் கொண்டுவந்து பிரித்தார். அதில் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் நாம், "இது எங்கள் ரொட்டி வான்!" என்று கூவிவிட்டோம். மூக்கில்லாத அதே முகம்; அதே உருண்டை விளக்குகள். ஆனால் படத்தின் கீழே 'லேலண்டு 20' என்று இருந்தது!

"இல்லை, ஸ்டாண்டர்டு 20" என்றோம்.

"அதுவும் சரி, இதுவும் சரி" என்றார் கிழவனார் புன்னகையுடன். அந்த வானுக்கு 1958-இல் பிறந்தபோது இட்ட பெயர் 'ஸ்டாண்டர்டு அட்லஸ்'. ஸ்டாண்டர்டு என்பது 1903-இல் கவன்ட்ரியில் தோன்றிய கம்பெனி. தேர்ந்த தரமுள்ள உறுப்புக்களையே உபயோகிப்போம் என்னும் பெருமிதத்தோடு வைத்த பெயர். ஆனால் காலம் செல்லச் செல்ல ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கிற்று. உயர்ந்த ரகம் 'டீலக்ஸ்' என்றும், ஒன்றுமில்லாத சாதாரண ரகம் 'ஸ்டாண்டர்டு' என்றும் கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். தரம் என்று வைத்த பெயர் தாழ்வு என்று பொருள்பட்டுவிட்டது! 1963-இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். அட்லஸ் வான் 'லேலண்டு 15', 'லேலண்டு 20' என்று மறு பெயர் பூண்டு, 1968 வரையில் ஓடிற்று. பிறகு அதன் அச்சுக்களும் கருவிகளும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன.

சென்னையிலோ 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. வண்டலூருக்கு அருகே அதன் தொழிற்சாலை. நம்மவர்களுக்கு அந்தப் பெயர் கௌரவமான பெயர்தான். அதில் இளப்பம் ஒன்றும் இல்லை. ஆகவே பிறந்த வீட்டில் வேண்டாமென்று தள்ளிய பெயரைப் புகுந்த வீட்டில் மீண்டும் சூட்டிக்கொண்டு, ரொட்டி வானாகவும் பள்ளிக்கூட வண்டியாகவும் ஆஸ்பத்திரி வண்டியாகவும் நம் தெருக்களில் உழைத்தது அந்த வான். அதன் நெற்றியில் நாம் அந்த நாளில் படித்தது மூன்றாவது பெயர் என்பது இப்போதுதான் தெரிந்தது.

*

"மற்றப் பெயர்களை விழுங்கிய லேலண்டு என்னவாயிற்று?" என்று கேட்டான் மருமான். அவனுக்கும் இப்போது ருசி தட்டியிருந்தது.

கிழவனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வானைக் கேளுங்கள், அது சொல்லும்" என்று இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

1974-இல் 'லேலண்டு ஷெர்பா' என்று ஒரு வான் வெளிவந்தது. இமயமலையில் சுமை தூக்கும் ஷெர்பாக்களின் பெயர் அதற்கு. 1980-களில் அதுவே 'பிரைட் ரோவர் ஷெர்பா' ஆயிற்று. 1987-இல் லேலண்டு லாரி வியாபாரமும் வான் வியாபாரமும் ஹாலந்து தேசத்து டாஃப் கம்பெனியுடன் இணைந்தன. வானின் நெற்றியில் 'லேலண்டு டாஃப்' ஏறிற்று. 1993 பிப்ரவரியில் அந்தக் கூட்டு முறிந்து, கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. வான் செய்தவர்கள் தனியாகப் பிரிந்து, 'எல்.டி.வி.' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்: 'லேலண்டு டாஃப் வான்' என்பதன் முதலெழுத்துக்கள். ஊரின் பெயர் ஓர் எழுத்தாகக் குறுகிவிட்டது! 2009-இல் எல்.டி.வி.-யும் விழுந்தது. அடுத்த வருஷம் சீன தேசத்துக் கம்பெனி ஒன்று வாங்கிற்று. எல்.டி.வி. கடைசியாகச் செய்த வானின் பெயர் 'மேக்ஸஸ்'. இப்போது பிரிட்டனில் விற்கும் அந்தச் சீன வான்களுக்கு அதுவே பெயர். பிறந்த நாட்டில் அந்த ஓர் எழுத்தும் போய்விட்டது.

"லாரிகளோ?" என்றோம்.

"வாருங்கள், காட்டுகிறேன்" என்று தம் சிறு காரில் எங்களை ஏற்றிக்கொண்டு, ஊர்ப்புறத்திலுள்ள தொழிற்சாலையின் பக்கம் அழைத்துச் சென்றார். 1980-இல் கட்டிய பெரிய தொழிற்சாலை அது. 1993-இல் எல்லாம் முடிந்தது என்று ஊரார் கலங்கியபோது, நிர்வாகிகளே சேர்ந்து அதை வாங்கி நடத்தினார்கள். 1998-இல் பக்கார் என்னும் அமெரிக்கக் கம்பெனி அவர்களிடமிருந்து வாங்கிற்று. டாஃப் கம்பெனியை அதற்கு முன்பே, 1996-இல், பக்கார் வாங்கியிருந்தது.

தூறலில் நனைந்துகொண்டு வேலியோரம் நின்றோம். உள்ளே புத்தம் புதிய லாரிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று எழுத்துக்கள்: டாஃப். 'லேலண்டு' என்னும் சொல் ஒன்றிலாவது இல்லை.

அந்த மூன்று எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. வான் டோர்ன் என்னும் சகோதரர்கள் 1930-களில் ஐண்ட்ஹோவன் நகரில் இழுவை வண்டிகளைச் செய்துவந்தபோது, நடு எழுத்தாகிய 'ஏ' என்பது டச்சு மொழியில் இழுவை வண்டியைக் குறித்தது. 1949-இல் லாரி செய்யத் தொடங்கியதும் அதே எழுத்து ஆட்டோமொபைல் என்று பொருள் மாறிக்கொண்டது. எழுத்து மாறாமல் அர்த்தம் மாறுவதும் உண்டு. அர்த்தம் மாறாமல் எழுத்து மாறுவதும் உண்டு.

ஆக, ஹாலந்துப் பெயரோடும் அமெரிக்க முதலோடும், லேலண்டு ஊர்க்காரர்கள் கையால் அங்கே லாரிகள் பிறந்துகொண்டிருக்கின்றன. லேலண்டு என்னும் பெயரைத் தாங்கிய புது லாரியை ஒருவர் பார்க்க விரும்பினால், அவர் லங்காஷயருக்கு வரக்கூடாது. எண்ணூருக்கும் ஓசூருக்கும் போக வேண்டும்!

நம் கைத்தொலைபேசியில், சென்ற மாதம் திருவொற்றியூர்ச் சாலையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. எண்ணூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு லாரியின் முன்பக்கம். கிழவனாரிடம் நீட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பெயர் இருக்கிறது" என்றார். பிறகு, "வண்டி வழியில் நிற்காமல் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

நாம் சற்றுத் திகைத்தோம். பெயரைக் காப்பாற்றியதற்கு நன்றி கூறுவார் என்று எதிர்பார்த்தோம். அவருக்குப் பெயரைவிடப் பெயரின் பொறுப்புத்தான் முக்கியமாய் இருந்தது. பழைய லாரிகளைத் திரும்ப வாங்கிச் செப்பனிட்ட ஊரின் பிள்ளை அல்லவா?

*

எண்ணூருக்கு இந்தப் பெயர் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட தேசபக்தரான ரகுநந்தன் சரண் என்பவர், சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948 செப்டம்பர் 7-ஆம் தேதி, 'அசோக் மோட்டார்ஸ்' என்னும் கம்பெனியை ஸ்தாபித்தார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். ஆனால் தேசத்துக்கு உடனடியாக வேண்டியது காரல்ல, லாரி என்பது விளங்கிற்று. 1950-இல் லேலண்டுடன் ஒப்பந்தமாயிற்று. அடுத்த வருஷம் 'காமெட்' என்னும் லாரிச் சட்டங்களை எண்ணூரில் பூட்டத் தொடங்கினார்கள். 1955-இல் லேலண்டு பங்குதாரராகவும் சேர்ந்து, 'அசோக் லேலண்டு' என்று பெயர் மாறிற்று. முதலில் பெட்டியில் வந்ததைப் பூட்டினார்கள். பிறகு உறுப்புக்களை இங்கேயே வார்த்தார்கள். பின்னர் சொந்தமாகவே வகுத்துச் செய்தார்கள். 1987-இல் இங்கிலாந்துக்காரர்களின் பங்கும் கைமாறிவிட்டது. உறவு அறுந்தது, பெயர் மட்டும் நெற்றியில் நின்றது.

இரவல் பெயரை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். லேலண்டுக்குப் போகும் வரையில் நமக்கும் அந்த அபிப்பிராயம் இருந்தது. ஆனால் எழுபது வருஷத்துக்கு மேலாக நம் தொழிலாளர் கையால் செய்து, நம் டிரைவர்கள் மலையிலும் மணலிலும் ஓட்டி, நம் கருமான்கள் பழுது பார்த்த பெயரை இனி இரவல் என்று எப்படிச் சொல்வது? உழாமல் கிடந்த நிலத்தை எவன் உழுகிறானோ, பயிர் அவனுடையதல்லவா?

விடைபெறும்போது கிழவனார் ஒன்று கேட்டார்: "உங்கள் ரொட்டி வான் எங்கேயாவது மிஞ்சியிருந்தால், தகட்டைப் படித்து எனக்கு எழுதுங்கள்."

ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் விசாரித்தோம். வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து 1988-இலேயே வண்டி வெளிவருவது நின்றுவிட்டது. கடைசியில் செங்கற்பட்டுக்குப் போகும் சாலையில், பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவருடைய கொல்லையில், முருங்கை மரத்தடியில் ஒரு வானைக் கண்டோம். சக்கரம் இல்லை, விளக்குகள் இல்லை, உள்ளே கோழிகள் குடியிருந்தன. நெற்றியில் பெயரும் இல்லை. துரு ஏறிய தகரத்தில் வரிசையாகச் சில துளைகள் மட்டும் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தோம்.

டிரைவருக்கும் பக்கத்து ஆசனத்துக்கும் நடுவே இருந்த எஞ்சின் மூடியை இருவராகத் தூக்கினோம். எஞ்சின் எப்போதோ போய்விட்டது. ஆனால் மூலையில் ஒரு தகடு இருந்தது. வேட்டி நுனியால் துடைத்தோம். எண் பாதி அழிந்திருந்தது. கீழே கடைசி வரியில், 'மதராஸ்' என்பது மட்டும் தெளிவாகப் படிக்கும்படி இருந்தது.

பிறந்தபோது அட்லஸ், பிறகு லேலண்டு, நம் தெருவில் ஸ்டாண்டர்டு. நெற்றியில் ஏறிய பெயர்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. செய்த ஊரின் பெயர் மட்டும், ஒருவரும் பார்க்காத இடத்தில், நிலைத்து நிற்கிறது.

படம் எடுத்துக் கிழவனாருக்கு அனுப்பினோம். அந்தத் தகட்டை அந்தக் கொல்லைக்காரர் விலைக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். "வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், சாமி, தகட்டை மட்டும் பிடுங்கினால் அப்புறம் இது எந்த வண்டி என்று யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் லேலண்டுக்குப் போனவரல்ல; ஆனால் அந்தப் பாடம் அவருக்கு நமக்கு முன்பே தெரிந்திருந்தது.

நேயர்களின் வீட்டுப் பழைய புகைப்படங்களில், தாத்தாவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய ஒரு வானோ லாரியோ நிற்கக்கூடும். அதன் நெற்றியையும் ஒரு தடவை படித்து, படத்தின் பின்புறம் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.